குறிபார்த்த கண்

கையில் துப்பாக்கியோடு தொடங்கி, பறவைகளின் பாதுகாவலனாக நிறைவுற்ற ஒரு வாழ்க்கையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இப்படிச் சொன்னதும், ஒரு நாள் மனம் திருந்தித் துப்பாக்கியை வீசி எறிந்த ஒருவரின் கதை என்று பலர் நினைக்கக்கூடும். கலாநிதி சாலிம் அலியின் வாழ்க்கை அவ்வளவு இலகுவான கதையல்ல. வேட்டைக்காரனுக்கு வேண்டிய கூர்மையான பார்வை, அசையாத பொறுமை, தூரத்தை மதிக்கும் திறன் ஆகியவற்றை அவர் சிறு வயதிலேயே பெற்றார். அவற்றை அவர் ஒருநாளும் கைவிடவில்லை. அந்தத் திறன்களை எதற்காகப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கான விடைதான் அவர் வாழ்நாளில் மெல்ல மெல்ல மாறியது.

இந்தியாவின் பறவை மனிதர் என்று அழைக்கப்படும் அவரைப் பற்றி மன்னார்த் தீவில் வாழும் நாம் ஏன் அறிய வேண்டும்? ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் களப்புகளில் வந்திறங்கும் பறவைகளைப் பாருங்கள். பூநாரை, ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, கருவால் மூக்கன், உள்ளான் என்று ஆயிரக்கணக்கில் வருகின்றன. இந்தியாவைக் கடந்து தெற்கே வருபவற்றுக்கு நம் கரை கடைசித் தரிப்பிடங்களில் ஒன்று. அவை கடந்து வரும் நிலமெங்கும் நடந்து அவற்றைப் பதிவு செய்தவர் சாலிம் அலி. நம் ஊர்ப் பறவைகளுக்கும் அவருடைய பெருநூலில் இடம் உண்டு.

அநாதைச் சிறுவனும் மஞ்சட் கழுத்துச் சிட்டும்

சாலிம் அலி 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் திகதி பம்பாயில் பிறந்தார். குடும்பத்தில் கடைசிப் பிள்ளை. ஒரு வயதில் வாப்பாவை இழந்தார். மூன்று வயதில் உம்மாவும் மறைந்தார். பிள்ளைகள் இல்லாத தாய்மாமா அமீருத்தீன் தையப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் அவரையும் அவருடைய உடன்பிறப்புகளையும் கேத்வாடி என்னும் இடத்திலிருந்த தம் வீட்டில் வளர்த்தார்கள். வீடு நிறையப் பிள்ளைகள். அநாதை என்ற எண்ணமே எழாத சூழல்.

மாமா அமீருத்தீன் தேர்ந்த வேட்டைக்காரர். அக்காலத்தில் வசதியுள்ள குடும்பங்களில் வேட்டை ஓர் ஆண்மகனின் கல்வியில் ஒரு பகுதியாகவே இருந்தது. சிறுவன் சாலிமின் கையிலும் ஒரு காற்றுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. பெரிய வேட்டைக்காரனாக வேண்டும் என்பதே அவனுடைய கனவு. வீட்டைச் சுற்றிப் பறக்கும் சிட்டுக்குருவிகள் அவனுடைய குறிகள். முறைப்படி அறுத்த குருவிகள் சமையலறைக்கும் போகும்.

ஏறக்குறையப் பத்து வயதில் சுட்ட ஒரு குருவியின் கழுத்தில் மட்டும் மஞ்சள் நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. கறி பட்ட கறைபோல. வழக்கமான சிட்டுக்குருவியில் அவன் அதைக் கண்டதில்லை. இது உண்ணத் தகுந்த பறவைதானா என்ற தயக்கத்தோடு அதை மாமாவிடம் கொண்டுபோனான். மாமாவுக்கும் விடை தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அவர் உறுப்பினர். 1883 இல் தொடங்கப்பட்ட அக்கழகத்தின் செயலாளரான மில்லார்ட் என்ற ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதி, அதோடு சிறுவனை அனுப்பிவைத்தார்.

வெள்ளைக்காரர் ஒருவரின் அலுவலகத்துக்குள் நடுங்கிக்கொண்டு நுழைந்த சிறுவனை மில்லார்ட் அன்போடு வரவேற்றார். அது மஞ்சட் கழுத்துச் சிட்டு என்று பெயர் சொன்னார். அலுமாரிகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான பறவைகளைக் காட்டினார். பறவைகளைப் பதப்படுத்தவும் குறிப்பு எழுதவும் வழிகாட்ட ஏற்பாடு செய்தார். சாலிம் அலி பிற்காலத்தில் தம் சுயசரிதைக்கு ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் தலைப்பை வைத்ததற்கு இந்தக் குருவியே காரணம்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என்னை அதைவிட அதிகம் சிந்திக்க வைத்தது, அதே காலத்தில் அவர் எழுதிய இன்னொரு சிறு குறிப்பு. குதிரை லாயத்தில் ஒரு சுவர்ப் பொந்தில் பெண் குருவி முட்டையிட்டு அடைகாத்தது. ஆண் குருவி வெளியே ஓர் ஆணியில் அமர்ந்து காவல் இருந்தது. சிறுவன் ஒரு வண்டியின் பின்னால் மறைந்திருந்து ஆண் குருவியைச் சுட்டான். சற்று நேரத்தில் வேறோர் ஆண் குருவி அதே இடத்தில் வந்து காவலுக்கு அமர்ந்தது. அதையும் சுட்டான். மீண்டும் ஒன்று வந்தது. ஏழு நாட்களில் எட்டு ஆண் குருவிகள்.

வாசிக்கும்போது மனம் கூசுகிறது. தன் சுடும் திறமையைப் பறைசாற்றத்தான் சிறுவன் அதை எழுதினான். அதைப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அவன் எழுதியதைக் கவனியுங்கள். எங்கே கூடு, எங்கே காவல், எத்தனை நாள், எத்தனை பறவை, ஒவ்வொரு முறையும் அடுத்து என்ன நடந்தது என்பதையெல்லாம் உள்ளபடி எழுதினான். கண்டதோடு எதையும் சேர்க்கவில்லை. அதனாலேயே, துணையை இழந்த பெண் குருவி எவ்வளவு விரைவில் மறுதுணை தேடுகிறது என்பதற்கான சான்றாக அக்குறிப்பு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அச்சேறத் தகுதி பெற்றது. சிறுவன் பெருமை பேச எழுதியதற்கு அறிவியல் மதிப்பைத் தந்தது, பிசகாத கவனிப்பு.

வேட்டைக்காரன் எப்படிப் பார்க்கிறான்?

இவ்விடத்தில் சற்று நின்று, வேட்டையிலும் தூரத்துக் குறியிலும் பழகிய கண் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். சாலிம் அலியின் வாழ்க்கையை விளங்கிக்கொள்ள அது உதவும். நான் உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவி. எங்கள் வகுப்பில் நால்வர், மூன்று பருவங்களாக மன்னார்ப் பாலத்துக்கு இப்பால், தள்ளாடிப் பக்கம் தெருவோரத்தில் நின்று வங்காலைக் களப்பின் பறவைகளை எண்ணி வருகிறோம். எங்களிடம் இருப்பது ஓர் இருகண் நோக்கியும் கொப்பியும் மட்டுமே. ஆனாலும் வேட்டைக்காரனின் பாடங்கள் ஒவ்வொன்றும் அங்கே எங்களுக்குத் தேவைப்பட்டன.

முதற்பாடம், முழு உருவத்தைத் தேடாதிருப்பது. காட்டில் மான் முழுதாக நமக்குத் தெரிவதில்லை. நெட்டாக நிற்கும் மரங்களிடையே கிடையாக ஒரு முதுகின் கோடு, அல்லது ஒரு காது அசைவது மட்டும் தெரியும். பழகிய கண் அந்தத் துண்டைப் பிடித்துக்கொள்கிறது. களப்பிலும் அப்படித்தான். சாம்பல் நிறச் சேற்றில் சாம்பல் நிற உள்ளான் நின்றால் அது இல்லாதது போலவே இருக்கும். ஓர் அலகு மேலும் கீழும் போய் வருவதைக் கண்டால்தான் அங்கே ஐம்பது நிற்பது தெரியவரும்.

இரண்டாவது, காற்று. தூரத்தில் குறிவைப்பவன் காற்றை அறியாமல் விசையைத் தொடமாட்டான். புல் சாய்வதையும் தூசு நகர்வதையும் பார்ப்பான். வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் கானல் எந்தப் பக்கம் சரிந்து ஓடுகிறது என்பதைக் கொண்டும் காற்றின் திசையைக் கணிப்பான். பறவை பார்ப்பவருக்கும் காற்று முக்கியம். கரைப் பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்நோக்கியே நிற்கும். எழும்போதும் காற்றை எதிர்த்தே எழும். பறவைகள் வரும் பருவத்தில் நமக்கு வாடைக்காற்று. தெருவில் நின்று தெற்கே பார்க்கும்போது அது முதுகுப் பக்கமாக வீசுகிறது. எனவே பறவைகள் எங்களைப் பார்த்தபடி நிற்கின்றன. அவற்றின் நெஞ்சும் அலகும் நன்றாகத் தெரியும், வால் தெரியாது. கருவால் மூக்கனுக்குப் பெயர் தந்த கறுப்பு வாலையும் சிறகின் வெள்ளைப் பட்டியையும் காண, கூட்டம் கிளம்பும் அந்தச் சில விநாடிகளுக்காகக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது, தூரம். வெட்டவெளியில் கண் ஏமாறும். மரமோ வீடோ இல்லாத சேற்றுத் தரையில் தனியே நிற்கும் பறவை சிறியதும் கிட்டவுமா, பெரியதும் எட்டவுமா என்று சொல்வது கடினம். குறிபார்ப்பவன் அளவு தெரிந்த ஒரு பொருளைத் துணைக்கு எடுத்துக்கொள்வான். எங்களுக்கு மீனவர் நட்ட கம்புகள் உதவுகின்றன. கம்பின் அருகே நிற்கும் பறவையை வைத்து அடுத்த பறவையை அளக்கிறோம்.

நான்காவது, நேரம். கானல் ஆடத் தொடங்கினால் எட்ட நிற்கும் பறவையின் கால் நீளமும் அலகின் வளைவும் கரைந்துபோகும். சுபஹ் தொழுகை முடிந்து வெளிச்சம் பரவும் நேரத்திலிருந்து வெயில் சுடும்வரையுள்ள பொழுதே எங்களுக்குரிய பொழுது.

ஐந்தாவது, அசையாமை. இதைக் கற்பிக்க வார்த்தையில்லை. நின்று பார்த்தால்தான் தெரியும். முதற் பத்து நிமிடத்தில் பறவைகள் எங்களைப் பார்க்கின்றன. அதன் பிறகே நாங்கள் அவற்றைப் பார்க்கத் தொடங்குகிறோம்.

இத்தகைய கண் நம் ஊருக்குப் புதியதல்ல. கடலுக்குப் போகும் என் வாப்பா, ஆலாக்கள் எவ்விடத்தில் எப்படிக் குத்தி விழுகின்றன என்பதை வைத்து மீன்கூட்டம் போகும் திசையைச் சொல்வார். தண்ணீரின் நிறம் மாறுவதை வைத்து ஆழத்தைச் சொல்வார். இவற்றை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. சாலிம் அலியின் வாழ்க்கையை அவருக்கு வாசித்துக் காட்டியபோது, குறிப்பெழுதும் பழக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் தமக்கும் தெரிந்ததுதான் என்று சிரித்தார். அந்த ஒரு பழக்கம்தான் சாலிம் அலியை அறிவியலாளராக்கியது.

காட்டிலும் கல்லூரியிலும்

பாடசாலைப் படிப்பில் சாலிம் அலி மின்னவில்லை. கணிதம் அவருக்குக் கசந்தது. பம்பாய் சேவியர் கல்லூரியில் முதலாண்டே தடுமாறி, படிப்பை இடைநிறுத்திவிட்டு பர்மாவுக்குப் போனார். தெனாசரிம் பகுதியிலுள்ள தவோயில் குடும்பத்தினருக்கு வொல்ஃப்ராம் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. வியாபாரம் அவருக்குக் கைவரவில்லை. சூழ இருந்த காடு கைவந்தது. வேட்டையும் பறவை பார்த்தலும் ஒன்றாகவே நடந்த காலம் அது.

1917 இல் பம்பாய் திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். அவருடைய உண்மையான நாட்டத்தைக் கண்டுகொண்ட சேவியர் கல்லூரியின் அருட்தந்தை பிளாட்டர், விலங்கியலையும் படிக்கும்படி தூண்டினார். 1918 டிசம்பரில் தெஹ்மினா பேகத்தை மணந்தார். 1926 இல் பம்பாய் அரும்பொருட்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராக வேலை கிடைத்தது. பல்கலைக்கழகப் பட்டமில்லாத குறையை ஈடுசெய்ய 1928 இல் ஜேர்மனிக்குச் சென்று, பெர்லினில் பேராசிரியர் ஸ்ட்ரேஸ்மானிடம் பயின்றார். அங்கேதான் பறவையின் காலில் வளையமிட்டு மீண்டும் பறக்கவிடும் முறையையும் கண்டார். கொல்லாமலே ஒரு பறவையை அடையாளம் வைத்துத் தொடரலாம் என்ற அந்த முறை பிற்காலத்தில் அவருடைய பெரும் பணிகளில் ஒன்றாயிற்று.

1930 இல் ஊர் திரும்பியபோது வேலை இல்லை. பணப் பற்றாக்குறையால் அந்தப் பதவியையே நீக்கிவிட்டார்கள். மனைவியோடு கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக் குடிபெயர்ந்தார். வேலையற்ற ஒருவர் அங்கே என்ன செய்ய முடியும்? அருகில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. அவற்றை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தார். பல மாதங்கள் இடைவிடாமல் பார்த்தார்.

அவர் கண்டது இது. ஆண் குருவி கூட்டைப் பாதிவரை பின்னிவிட்டு நிறுத்துகிறது. பெண் குருவிகள் வந்து கூடுகளைச் சோதிக்கின்றன. ஒரு பெண் ஒரு கூட்டை ஏற்றுக்கொண்ட பிறகே ஆண் அதை முழுமையாக்குகிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், அதே ஆண் பக்கத்தில் இன்னொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை எதிர்பார்க்கிறது. இந்த இனப்பெருக்க முறையைத் தெளிவாக எடுத்துரைத்த அக்கட்டுரை அவருக்கு அறிவியல் உலகில் பெயர் வாங்கித் தந்தது. லாயத்துச் சுவரின் முன் மறைந்திருந்து ஒவ்வொரு குருவியாகச் சுட்ட அதே பொறுமை, இங்கே ஒரு குருவியையும் சுடாமல் அதைவிடப் பெரிய உண்மையைக் கண்டுபிடித்தது.

தெஹ்மினாவும் கூடாரங்களும்

அதன் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் எனப் பல சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். சம்பளம் வேண்டாம், பயணச் செலவும் தங்குமிடமும் போதும் என்று கேட்டுப் போன பணிகள் அவை. தெஹ்மினா பேகம் வசதியான வாழ்க்கையை விட்டு அவரோடு காடுகளிலும் மலைகளிலும் கூடாரங்களில் தங்கினார். அவருடைய துணையில்லாமல் அப்பணிகள் நடந்திருக்க முடியாது. 1939 இல் சிறியதொரு சத்திரசிகிச்சைக்குப் பின் அவர் காலமானார். சாலிம் அலி மறுமணம் செய்யவில்லை. சகோதரி கமூவின் குடும்பத்தோடு வாழ்ந்து, துயரத்தைப் பணியில் கரைத்தார்.

இக்கணக்கெடுப்புகளில் அவர் துப்பாக்கியைப் பயன்படுத்தினார் என்பதை மறைக்கத் தேவையில்லை. அக்காலத்தில் ஒரு பறவையின் இனத்தையும் உட்பிரிவையும் உறுதிசெய்யச் சிறகின் நீளம், அலகின் அளவு, இறகின் நிறபேதம், இரைப்பையில் உள்ள உணவு எனப் பலவற்றை நேரில் அளக்க வேண்டியிருந்தது. தேவைக்கு மேல் ஒரு பறவையையும் எடுக்கலாகாது, எடுத்தது எதுவும் வீணாகலாகாது என்ற கணக்கு அதில் இருந்தது. நம் மார்க்கத்திலும் வேட்டை அனுமதிக்கப்பட்டதே. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. இஹ்ராம் அணிந்தவருக்குத் தரைவேட்டை தடுக்கப்பட்டிருப்பதை நாமறிவோம். கையில் வல்லமை இருக்கும்போதே அதைப் பயன்படுத்தாதிருக்கும் பயிற்சியாகவே நான் அதைக் காண்கிறேன்.

அந்த எல்லை மறக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு பரத்பூர் சாட்சி. ராஜஸ்தானிலுள்ள இந்தச் சதுப்பு நிலம் மகாராஜாவின் வாத்து வேட்டைக் களமாக இருந்தது. 1938 நவம்பர் 12 ஆம் திகதி வைசிராய் லின்லித்கோ பிரபுவின் குழுவினர் ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். அந்த எண்ணிக்கையைப் பெருமையோடு கல்லிலும் வெட்டி வைத்தார்கள். அன்று சாலிம் அலியின் 42 ஆவது பிறந்தநாள் என்பது தற்செயல்தான். சுதந்திரத்தின் பின், அந்நிலத்தை வடித்து வயலாக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, அதைக் காக்க நேருவிடம் வாதாடியவர் அவர். வேட்டைக் களம் சரணாலயமாயிற்று. 1985 இல் உலக மரபுரிமைத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. நாட்டுக்கு உணவும் வேண்டும், நிலமும் வேண்டும் என்ற உழவரின் நியாயத்துக்கு எதிரே அவர் வைத்தது உணர்ச்சிப் பேச்சை அல்ல. எத்தனை இனம், எந்த மாதம், எவ்வளவு எண்ணிக்கை என்ற பதிவுகளை.

பூநாரைகளின் நகரமும் நம் களப்பும்

1945 இல் அவர் குஜராத்தின் கச்சுப் பாலைவனச் சதுப்புக்குச் சென்றார். ஒட்டகத்தின் உதவியின்றி நெருங்க முடியாத உப்புவெளி அது. அங்கே பூநாரைகள் சேற்றைக் குவித்துச் சிறு மேடைகள் அமைத்து, ஒவ்வொரு மேடையிலும் ஒரு கூடாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை அடைகாத்திருந்தன. இலட்சக்கணக்கான பறவைகள். அதைப் பூநாரை நகரம் என்பார்கள். அத்தனையையும் ஒவ்வொன்றாக எண்ண முடியுமா? ஒரு சிறு பரப்பை எண்ணி, அதைப் போன்ற பரப்புகள் எத்தனை என்று கணக்கிடும் முறையே இத்தகைய இடங்களில் உதவும். நாங்களும் வங்காலையில் பத்துப் பறவைகள் அடங்கும் அகலத்தைக் கண்ணில் பதித்து, அந்த அளவுகோலைக் கூட்டத்தின் மீது நகர்த்தி எண்ணுகிறோம்.

நம் களப்புகளில் இளஞ்சிவப்பாய் வரிசை கட்டி நிற்கும் பூநாரைகள் இலங்கையில் முட்டையிடுவதில்லை. அவை கச்சுப் பகுதியிலிருந்து வருவதாகவே கருதப்படுகிறது. எனவே, அன்று அவர் ஒட்டகத்தில் போய்க் கண்ட நகரத்தின் குடிகளே இன்று நம் விருந்தாளிகள் என்று எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை.

பறவைகளுக்கு வளையமிடும் பெருந்திட்டத்தையும் சாலிம் அலி பம்பாய்க் கழகத்தின் மூலம் நடத்தினார். அதன் முக்கிய களங்களில் ஒன்று, பாக்கு நீரிணைக்கு அப்பால் நமக்கு நேர் வடக்கே இருக்கும் கோடியக்கரை. மெல்லிய வலையில் பறவையைப் பிடித்து, அளந்து, கழகத்தின் பெயரும் இலக்கமும் பொறித்த இலேசான வளையத்தைக் காலில் மாட்டி, பறக்கவிடுவார்கள். அப்பறவை வேறொரு நாட்டில் கிடைத்தால் அதன் வழி தெரியவரும். துப்பாக்கிக் குண்டு ஒரு பறவையைப் பற்றி ஒரே ஒருமுறை மட்டும் சொல்லும். வளையம் அதன் ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

எழுத்தும் பெண்களும்

1941 இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல் சாதாரண வாசகரையும் பறவை பார்க்க வைத்தது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியோடு சேர்ந்து எழுதிய பெருநூல் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இந்தியா, பாகிஸ்தானோடு நேபாளம், பூட்டான், இலங்கை ஆகிய நாடுகளின் பறவைகளையும் அது விவரிக்கிறது. முடித்தபோது அவருக்கு 78 வயது. பத்மபூஷண், பத்மவிபூஷண் விருதுகள் கிடைத்தன. போல் கெட்டி வனவிலங்குப் பாதுகாப்புப் பரிசாகக் கிடைத்த 50,000 டொலரை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே கொடுத்துவிட்டார். 1985 இல் இந்திய மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 இல், தொண்ணூறாவது வயதில் காலமானார். கோயம்புத்தூரில் இயங்கும் பறவையியல் ஆய்வு நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இவ்விடத்தில் எம் சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் இரண்டு பெயர்களைச் சொல்ல விரும்புகிறேன். பொதுவான பறவைகள் என்ற சிறு நூலை சாலிம் அலியோடு இணைந்து எழுதியவர் லயீக் ஃபத்தேஹல்லி என்ற முஸ்லிம் பெண்மணி. அதே காலத்தில், பீகாரின் காடுகளில் பறவைகளைக் கவனித்து எழுதி, 1970 இல் இளையோருக்காகப் பறவை பார்த்தல் பற்றி ஒரு நூலைத் தந்தவர் ஜமால் ஆரா. தெஹ்மினா பேகத்தையும் சேர்த்தால் மூவர். பறவை பார்த்தல் ஆண்களுக்கே உரியது என்று எவரும் சொல்ல அவர்களின் வாழ்க்கை இடம் வைக்கவில்லை.

விடியற்காலையில் களப்புக்கரையில் பெண்பிள்ளைகளுக்கு என்ன வேலை என்ற கேள்வியை எங்கள் நால்வரின் வீடுகளிலும் கேட்டார்கள். அது அன்பினால் வந்த கேள்வி. முதல் வாரம் என் உம்மாவே கூட வந்து தெருவோரம் குடை பிடித்து நின்றார். இரண்டாம் வாரம் இருகண் நோக்கியை வாங்கிப் பார்த்தார். மூன்றாம் வாரம் பூநாரைகளின் எண்ணிக்கையில் எங்களோடு வாதிட்டார். அவர் சொன்ன எண்ணே சரியாக இருந்தது. அரிசியில் கல் பொறுக்கிய கண் அல்லவா!

இன்று நம் முன் உள்ள கேள்வி

வங்காலை 2008 இல் சரணாலயமாகவும், 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. மறுபுறம், தீவின் தென்கரையில் தம்பபவனி காற்றாலைத் தொகுதியின் 30 கோபுரங்கள் எழுந்து நிற்கின்றன. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும். பறவைகளுக்கு வான்வழி வேண்டும். மீனவருக்குக் கரை வேண்டும். இன்னும் கோபுரங்கள் வேண்டுமா, எங்கே, எத்தனை என்ற கேள்வியில் நம் ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. கருத்துக்கு முன்னால் இருக்க வேண்டியது கணக்கு. எந்த மாதத்தில், எந்த உயரத்தில், எந்த வழியாக, எத்தனை பறவைகள் போகின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் எழுதி வைத்தவர் யார்? வெளியிலிருந்து வரும் ஆய்வாளர்கள் சில வாரங்கள் தங்கிப் போகிறார்கள். ஆண்டு முழுவதும் இங்கே இருப்பவர்கள் நாமே.

நம்மில் பல குடும்பங்கள் 1990 இல் இத்தீவை விட்டுப் போய், ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பியவை. வாப்பா திரும்பி வந்தபோது, வேலியும் கிணறும் அடையாளம் தெரியாமல் போயிருந்தன, ஆலாக்கள் மட்டும் பழைய இடத்திலேயே குத்தி விழுந்தன என்பார். ஓர் ஊரின் நினைவு, அதைப் பார்த்துப் பழகியவர்களின் கண்களில் இருக்கிறது. அந்தக் கண்கள் இல்லாத இருபது ஆண்டுகளில் இங்கே எது குறைந்தது, எது கூடியது என்று சொல்ல எங்கள் வீடுகளில் ஒரு கொப்பியும் இல்லை. இனி வரும் இருபது ஆண்டுகளுக்காவது அந்தக் கொப்பி இருக்கட்டும்.

அதற்குத் துப்பாக்கி வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். திகதி, நேரம், காற்றின் திசை, பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் கண்டவுடனே எழுத வேண்டும். ஐயம் இருந்தால் ஐயம் என்றே எழுத வேண்டும். நினைத்ததை ஒருநாளும் கண்டதாக எழுதக்கூடாது. வண்டிக்குப் பின்னால் மறைந்திருந்த சிறுவன் இந்த ஒழுங்கை மீறியிருந்தால், அவனுடைய குறிப்பு ஒரு பிள்ளையின் பெருமைப் பேச்சாகவே மறைந்திருக்கும். எங்கள் கொப்பியில் இப்போது மூன்று பருவங்களின் கணக்கு இருக்கிறது. அடுத்த ஆண்டு நாங்கள் நால்வரும் கல்லூரியை விட்டுப் போய்விடுவோம். பதினோராம் தரத்துத் தங்கைகளில் யார் அதைக் கையில் எடுக்கப் போகிறீர்கள்?